கண்குழி எலும்பும் பதினைந்துக்குப் பூஜ்யமும்

சி.டி. ஸ்கேன் அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். வீங்கிய முகத்தைப் பார்த்ததும் உள்ளே எந்த எலும்பு போயிருக்கும் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். டேனியல் டுபுவாவும் ஜோ ஜாய்ஸும் மோதிய ஹெவிவெயிட் குத்துச்சண்டையை நைட் டியூட்டியில் மொபைலில் பார்த்தபோது எனக்கும் அதுதான் நடந்தது.

2020 நவம்பர் 28, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் சர்ச் ஹவுஸ். கொரோனா காலம், ரசிகர்கள் கிடையாது. டுபுவாவுக்கு வயது 23, மோதிய 15 சண்டையிலும் வெற்றி. ஜாய்ஸுக்கு 35 வயது, ரியோ ஒலிம்பிக் வெள்ளிக்காரர், அவரும் 11 சண்டையில் தோற்றதில்லை. அவருடைய ஜாப், அதாவது முன்கையை நேராக நீட்டி விடும் குத்து, திரும்பத் திரும்ப டுபுவாவின் இடது கண்ணிலேயே விழுந்தது. சுற்றுக்குச் சுற்று வீங்கி, கண் மூடிக்கொண்டது. பத்தாவது சுற்றில் இன்னொரு குத்து. டுபுவா ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். நடுவர் பத்து எண்ணி முடிக்கும்வரை எழவில்லை. தோல்வி.

"பாதியில விட்டுட்டான்கா" என்றான் கூட வேலை பார்க்கும் தம்பி. முன்னாள் சாம்பியன்கள் சிலரே அப்படித்தான் பேசினார்கள். கண்குழி எலும்பு உடைந்து, விழித்திரையில் ரத்தமும் கசிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

விழிக்கு அடியில் இருக்கும் எலும்பு சில இடங்களில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. குத்து விழுந்தால் அதுதான் முதலில் விரிசல் விடும். கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பு கீழே கன்னத்துக் காற்றறைக்குள் சொட்டுப் போலத் தொங்குவது ஸ்கேனில் தெளிவாகத் தெரியும். பைக்கில் விழுந்து வருபவர்களிடம் "மேலே பாருங்க" என்றால், "ரெண்டு ரெண்டா தெரியுது மேடம்" என்பார்கள். உடைந்த இடத்தில் தசை மாட்டியிருக்கும். மூக்கைச் சிந்தக்கூடாது என்று அவர்களுக்குப் படித்துப் படித்துச் சொல்வோம். மீறிச் சிந்தினால் காற்று உடைசல் வழியாக ஏறி இமை உப்பிவிடும். தொட்டால் தோலுக்கடியில் நறநறக்கும். இந்த நிலையில் மேலும் குத்து வாங்கியிருக்க வேண்டும் என்று சொல்பவர்களை ஒரு நாள் எங்கள் அறையில் உட்கார வைக்கலாம்.

இன்னொன்று. 2023 ஏப்ரலில் சீன வீரர் ஜாங் ஜிலெய் இதே ஜாய்ஸின் வலது கண்ணை வீங்க வைத்தார். ஆறாவது சுற்றில் டாக்டர் பார்த்துச் சொல்ல, நடுவர் நிறுத்தினார். ஜாய்ஸை யாரும் கோழை என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. டாக்டர் சொன்னால் சரி, கண்ணுக்குச் சொந்தக்காரன் சொன்னால் தப்பு!

2024 செப்டம்பரில் வெம்ப்லியில் டுபுவா முன்னாள் உலக சாம்பியன் ஆன்டனி ஜோஷுவாவை ஐந்தாவது சுற்றில் சாய்த்த பிறகு தம்பி கொஞ்சம் இறங்கி வந்தான். அப்புறம் அவனே கேட்டான்: "ஒரு கண்ணு மூடின அப்பவே அவன் கார்னர்ல துண்டை எறிஞ்சிருக்கலாம்லக்கா?"

எறிந்திருக்கலாம். கார்னரில் நிற்கும் பயிற்சியாளர் துண்டை எறிந்தால், தோல்வியை ஒத்துக்கொண்டு சண்டையை நிறுத்தச் சொல்வதாக அர்த்தம். ஆனால் பதினைந்துக்குப் பூஜ்யம் என்று நிற்கும் பையனின் முதல் தோல்வியைத் தன் கையால் எழுத யாருக்கு மனசு வரும்? பயிற்சியாளர், நடுவர், டாக்டர் என்று வயதில் மூத்தவர்கள் அத்தனை பேர் இருந்த இடத்தில், அந்த வேலை 23 வயதுக்காரன் தலையில் விழுந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.