ஆபரேஷனுக்கும் கரண்டுக்கும் நடுவில்

முற்றிய நிலையில் வரும் வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் ஒரே வைத்தியம் போதாது. கட்டியையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் ஆபரேஷனில் எடுப்பார்கள். அப்புறம் கதிர்வீச்சு, எங்கள் ஊர்ப்பக்கம் 'கரண்ட் வைப்பது'. வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சமிருந்தாலோ, நெறிக்கட்டியின் உறையைத் தாண்டியிருந்தாலோ கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேரும். 2004-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு வந்த வழக்கம் அது.

புதுச்சேரியில் கதிர்வீச்சு டெக்னாலஜிஸ்டாக இருக்கும் நான் பார்த்தவரை, ஆபரேஷன், கதிர்வீச்சு, மருந்து என்ற இந்தத் தொடர்ச்சி அறுந்துபோவது இடைப்பட்ட நாட்களில்தான். பண்ருட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "கட்டியத்தான் எடுத்தாச்சே தம்பி, இன்னும் எதுக்கு கரண்டு?" என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியாமல் தங்கிய செல்கள் பெருகுவதற்குள், ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்று விளக்கினேன். அதை அவருக்கு யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

அந்த ஆறு வாரத்தையும் சொத்தைப் பற்கள் தின்றுவிடும். கதிர்வீச்சு பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். அதனால் முன்பே பிடுங்கி, ஈறு ஆறக் காத்திருக்க வேண்டும். ஆபரேஷன் மேசையிலேயே பிடுங்கியிருந்தால் அந்த நாட்கள் மிஞ்சும். பாக்கும் குட்காவும் போட்டுப் போட்டு வாய் திறக்காமல் போனவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

கதிர்வீச்சு தொடங்கினால் திங்கள் முதல் வெள்ளி வரை, மொத்தம் 30 முதல் 33 தடவை. மூன்றாவது வாரத்தில் வாயெல்லாம் புண். மருந்தும் சேர்ந்தால் குமட்டல், சாப்பாடு இறங்காது. உடம்பு இளைத்தால் முகமூடி தொளதொளவென்றாகிவிடும். வெந்நீரில் இளக்கி அவரவர் முகத்துக்கு அச்செடுத்த பிளாஸ்டிக் அது. தலை அசையாமல் பிடிப்பதே அதன் வேலை. அது தளர்ந்தால் மறுபடி அச்சு, மறுபடி ஸ்கேன், மறுபடி திட்டம். கஞ்சி இறங்காதது கதிர் விழும் இடத்தையே மாற்றிவிடுகிறது. அதனால்தான் மூக்கு வழியாகச் சாப்பாடு இறக்கும் குழாய்க்காக இவ்வளவு மன்றாடுகிறேன். "இதோட எப்படிம்மா கடலூர் பஸ்ல ஏறுறது?" என்று நர்ஸிடம் கூசுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் பாதிப்பேர் சம்மதிக்கிறார்கள்.

மாசி மகத்துக்கு ஒருநாள் லீவு கேட்பார்கள். சாமி காரியம், மறுக்க மனசு வராது. ஆனால் விட்ட நாள் நோய்க்குச் சாதகம். முன்கூட்டியே சொன்னால், டாக்டர் ஒப்புதலோடு இன்னொரு நாளில் ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தடவை கொடுத்து ஈடுகட்டலாம். சொல்லாமல் நின்றால் ஈடுகட்டுவது சிரமம்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் சீட்டிலேயே எங்கள் பிரிவுக்கு வரவேண்டிய தேதியையும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சில டாக்டர்கள் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.