நாலாவது டவுன்: கோச் எடுத்த முடிவைப் பைத்தானில் கணக்குப் போட்டுப் பார்த்தது

அமெரிக்கக் கால்பந்தில் 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள், ஒவ்வொன்றும் ஒரு 'டவுன்'. 10 யார்டு எட்டினால் மறுபடி முதல் டவுன். மூன்றில் முடியாவிட்டால், நாலாவதில் கோச்சுக்கு மூன்று வழி: பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் விட்டுவிடும் பன்ட், கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுக்கும் ஃபீல்ட் கோல், அல்லது துணிந்து ஆடிப் பார்ப்பது. கோச்சின் கை நேரடியாகத் தெரியும் இடம் இதுதான் என்பதால் புள்ளிவிவரக்காரர்களும் இதையே சுற்றி வருகிறார்கள். பெங்கால்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர்) வர்ஜில் கார்ட்டர், மைதானத்தின் எந்த இடம் எத்தனை புள்ளிக்குச் சமம் என்று ராபர்ட் மக்கோலுடன் சேர்ந்து 1971-லேயே கணக்கிட்டுவிட்டார். கோச்சுகள் தேவைக்கு மேல் பயந்து உதைக்கிறார்கள் என்று 2006-இல் பொருளியலாளர் டேவிட் ரோமர் எழுதினார். இன்று ஒரு சாதாரண லேப்டாப் போதும்.

தரவும் வடிகட்டலும்

அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் தரவைத் திரட்டும் என்எஃப்எல்வெர்ஸ் திட்டத்தில் 1999 முதல் ஒவ்வொரு ஆட்டமும் வரிவரியாக இலவசமாகக் கிடைக்கிறது. பைத்தானில் இறக்க என்எஃப்எல்ரீட்பை என்ற நூலகம். அது போலார்ஸ் என்ற தரவு நூலகத்தின் அட்டவணையாகத் தரும். அதுபோன்ற இன்னொரு நூலகமான பாண்டாஸ் பழக்கமென்றால் மாற்றிக்கொள்ளலாம். இறக்கியதும் ஆட்டங்களை எண்ணிவிடுங்கள். 17 ஆட்ட சீசன் வந்த 2021 முதல் ஒரு சீசனுக்கு 285 ஆட்டங்கள். 2022-இல் மட்டும் பில்ஸ்–பெங்கால்ஸ் ஆட்டம் ரத்தானதால் 284.

'யார்ட்லைன்_100' என்பது எதிரணியின் எல்லைக்கு உள்ள தூரம். சொந்தப் பக்க 28-யார்டு கோட்டில் நிற்கும் அணிக்கு அது 72. 'ஸ்பிரெட்_லைன்' என்பது பந்தயச் சந்தை எதிர்பார்க்கும் புள்ளி வித்தியாசம். அது பாசிட்டிவ் என்றால் உள்ளூர் அணிதான் பலமான அணி. பந்தயக்காரர்கள் எழுதும் முறைக்கு நேர்மாறு. கவனிக்காமல் போனால் மாடல் பலவீனமான அணிக்குப் பலம் சேர்த்துக்கொண்டிருக்கும், பிழைச் செய்தி எதுவும் வராது.

நாலாவது டவுன் வரிகளை மட்டும் பிரித்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியாது. 'நோ ப்ளே' (பெனால்டியால் செல்லாமல் போன முயற்சி) வரிகளை மொத்தமாகத் தூக்கினால், தடுப்பணியின் பெனால்டியால் கிடைத்த முதல் டவுன்களும் சேர்ந்து போய்விடும். துணிந்து ஆடுவதன் வெற்றி விகிதம் உள்ளதைவிடக் குறையும். போலிப் பன்ட்கள் சாதாரண ஓட்டமாகவோ பாஸாகவோ பதிவாகியிருக்கும். விவரணை வரியில் 'பன்ட் ஃபார்மேஷன்' என்று தேடிப் பிரித்துவிட வேண்டும். வேண்டுமென்றே நேரம் கடத்தி 5 யார்டு அபராதம் வாங்கிவிட்டுப் பன்ட் அடிப்பதும் உண்டு. தரவு அதை 4-க்கு 6 (நாலாவது டவுன், மிச்சம் 6 யார்டு) என்று காட்டும். கோச் முடிவெடுத்தது 4-க்கு 1-இல்.

அந்த '1' ஒரு தனித் தலைவலி. மிச்ச தூரம் முழு எண்ணாகத்தான் பதிவாகிறது. பந்தின் மூக்கு கோட்டைத் தொடும் தூரமும், முழுதாக ஒரு யார்டு தாண்ட வேண்டிய தூரமும் ஒரே 1. முதலாவதில் குவார்ட்டர்பேக் முன்னால் விழுந்தாலே போதும். ஒரு குறிப்பிட்ட 4-க்கு 1 முடிவை இந்தத் தரவை மட்டும் வைத்துத் திட்டுவது நியாயமில்லை.

மூன்று வழிக்கும் மூன்று மாடல்

துணிந்து ஆடுவதற்கு நாலாவது டவுன் மட்டும் போதாது. அங்கே முயற்சிகள் குறைவு. முயன்றவர்களும் பெரும்பாலும் பின்தங்கியவர்களோ, பலமான தாக்குதல் அணியோ. மூன்றாவது டவுனையும் சேர்த்துக்கொண்டு, தூரம், இடம், ஸ்பிரெட், மொத்தப் புள்ளி எதிர்பார்ப்பு இவற்றைக் கொடுக்கலாம். வெற்றி–தோல்வி என்று இரண்டாகப் பார்க்காமல், எத்தனை யார்டு கிடைக்கும் என்ற பரவலைக் கணிப்பது மேல். 2 யார்டு கிடைப்பதும் 20 கிடைப்பதும் ஒன்றல்ல.

ஃபீல்ட் கோலுக்கு லாஜிஸ்டிக் ரெக்ரஷன் (ஆகும்–ஆகாது என்பதன் வாய்ப்பைக் கணிக்கும் எளிய முறை) போதும். உதை தூரம் என்பது யார்ட்லைனுடன் ஏறக்குறைய 18. நீண்ட உதைகளில் மாடல் ஏமாற்றும்: 58 யார்டுக்கு மேல் கோச்சுகள் அனுப்புவது நல்ல கால்காரரை, அதுவும் பல சமயம் கூரை மூடிய மைதானத்தில். சாதாரண அணிக்கு அந்த விகிதத்தை அப்படியே கொடுக்காமல் கீழே இழுத்து வையுங்கள். தவறினால் எதிரணி உதைத்த இடத்திலிருந்து தொடங்கும், அதாவது கோட்டுக்கு 7–8 யார்டு பின்னாலிருந்து. பன்ட்டுக்குச் சராசரி வேண்டாம். அதே இடத்திலிருந்து அடித்த பழைய பன்ட்கள் எங்கே முடிந்தன என்ற பரவலையே எடுங்கள்.

பிறகு ஒவ்வொரு முடிவையும் வெற்றி வாய்ப்பு மாடலில் (இடம், நேரம், புள்ளி நிலையைக் கொடுத்தால் வெல்லும் வாய்ப்பைச் சொல்வது) போட வேண்டும். பந்து கை மாறினால் புள்ளி வித்தியாசத்தின் குறியை மாற்றி, டைம்அவுட்களை இடம் மாற்றி, கிடைத்த விடையை 1-லிருந்து கழிக்க வேண்டும். விடை விபரீதமாக வந்தால் முதலில் இங்கே பாருங்கள். இன்னொன்று, புள்ளி எடுத்தபின் எதிரணிக்குப் பந்தை உதைத்துத் தரும் கிக்ஆஃப் விதி: உதையை யாரும் திருப்பி ஓடாத டச்பேக்கில் எதிரணி முன்பு சொந்த 25-யார்டு கோட்டில் தொடங்கும், 2024-இல் 30, 2025-இல் 35. பழைய சீசன்களில் பழகிய மாடல் இதை அறியாது. உதைத்துப் புள்ளி எடுப்பதை உள்ளதைவிட லாபமாகக் காட்டும்.

பெலிசிக்கின் 4-க்கு 2

2009 நவம்பர் 15. பேட்ரியட்ஸ் 34, கோல்ட்ஸ் 28, மிச்சம் 2 நிமிடம் 8 நொடி. சொந்த 28-இல் பேட்ரியட்ஸ் கோச் பில் பெலிசிக் துணிந்து ஆடச் சொன்னார். பாஸ் வாங்கிய கெவின் ஃபாக் எட்டவில்லை. கோல்ட்ஸ் 35–34 என்று வென்றது. ஊரே திட்டியது.

கணக்கு இது. பேட்ரியட்ஸ் எடுத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, வாய்ப்பு 1 என்று வைத்துக்கொள்வோம். தவறினால் 0.47, பன்ட் அடித்தால் 0.70 என்று கொள்வோம். துணிவதற்குத் தேவையான குறைந்தபட்ச வெற்றி விகிதம் (0.70 − 0.47) ÷ (1 − 0.47), அதாவது 43%. 4-க்கு 2-இல் பொதுவாக இதைவிட நன்றாகவே கிடைக்கும்.

எதிரே நிற்பவர் கோல்ட்ஸ் குவார்ட்டர்பேக் பெய்ட்டன் மேனிங், கிட்டத்தில் பந்தைக் கொடுத்தது தப்பு என்பார்கள். கொடுத்தால் 70% அடித்துவிடுவார், ஆக 0.30 என்றே கொள்வோம். ஆனால் அப்படிப்பட்டவர் பன்ட்டுக்குப் பிறகும் சும்மா இருக்க மாட்டார். அதையும் 0.55 ஆக்கினால் தேவை 36%-க்கு இறங்குகிறது. பன்ட்டை 0.70-இலேயே விட்டால்தான் 57% ஆகி விவாதத்துக்கு இடம் வருகிறது. மேனிங் எவ்வளவு கெட்டிக்காரர் என்பது அல்ல, பன்ட்டால் அவர் கூடுதலாகக் கடக்க வேண்டிய அந்த 40 சொச்சம் யார்டு அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதுதான் கேள்வி. விடையை ஒரே எண்ணாகப் போடாமல் இப்படிக் குறைந்தபட்சத் தேவையாகப் போடுவது பயனுள்ளது. எந்த அனுமானத்தில் முடிவு சாய்கிறது என்று தெரியும்.

எவ்வளவு நம்பலாம்

ஒரு சீசனில் வரிகள் கிட்டத்தட்ட 50,000. பெரிய தரவு போலத்தான் தெரிகிறது. ஆனால் ஓர் ஆட்டத்தின் அத்தனை வரிகளுக்கும் முடிவு ஒன்றே, வென்றார்களா தோற்றார்களா. வெற்றி வாய்ப்பு மாடலுக்கு உண்மையில் கிடைப்பது 285 முடிவுகள்தான். வரிகளைக் கலைத்துப் பயிற்சி, சோதனை என்று பிரித்தால் ஒரே ஆட்டம் இரண்டு பக்கமும் புகுந்து, துல்லியம் பொய்யாக உயரும். ஆட்ட எண்ணை வைத்தே பிரிக்க வேண்டும். நம்பகத்தை அளக்கும் பூட்ஸ்ட்ராப் முறையும் அப்படியே: ஆட்டங்களைத் திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்து, 100 மாடல் பழக்கி, அவற்றில் எத்தனை 'துணி' என்கின்றன என்று எண்ணுங்கள். 95 சொன்னால் பேசலாம். 60 என்றால் கோச்சை விட்டுவிடுங்கள். 1% வித்தியாசத்துக்கு 'தவறான முடிவு' என்று சிவப்பு முத்திரை குத்தும் வரைபடங்கள் பெரும்பாலும் இரைச்சலைத்தான் அளக்கின்றன.

2024 ஜனவரியில் 49ers-க்கு எதிராக லயன்ஸின் கோச் டேன் கேம்ப்பெல் 4-க்கு 2, 4-க்கு 3 இரண்டிலும் உதைக்காமல் ஆடி, இரண்டும் தவறி 34–31 என்று தோற்றார். உதைத்திருந்தால் 45 முதல் 48 யார்டு தூரம், கைக்கு வந்த கோல் என்று சொல்ல முடியாது. இந்த மாதிரி இடங்களில் இரண்டு வழிகளும் நெருங்கியே வரும். கால்காரரின் திறமைக்குக் கொடுக்கும் எண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலே பரிந்துரை மாறிவிடும். முடிவைப் பதியும்போது அந்த எண்ணையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.