ஃபோர்மேன் தேர்வு: ஜிஸ்ர் என்றால் பாலம் மட்டும் இல்லை

வியாழக்கிழமை சாயங்காலம் ரிசல்ட் வந்தது. பாஸ். போன தடவை இதே தேர்வில் 4 மார்க்கில் கோட்டை விட்டவன் நான். அந்த எரிச்சல் இன்னும் முழுசாகத் தீரவில்லை, எழுத்தில் கொஞ்சம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சவுதி அரேபியாவில் ஜுபைல் பக்கம் கம்பெனிகளில் கொத்தனாராக இருந்து ஃபோர்மேன் ஆகப் பார்ப்பவர்களுக்குத் தேர்வு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ட்ராயிங் பேப்பரில் நம் ஆட்கள் யாரும் தோற்பதில்லை. ஆங்கில–அரபுச் சொல் பகுதியும், அப்புறம் இன்ஜினியர் எதிரே நிற்கிற வாய்மொழியும்தான் காலை வாருகின்றன.

முதல் தடவை செல்போனில் ஒரு சொற்பட்டியலை இறக்கி, ஏ, பி, சி வரிசையில் நெட்டுருப் போட்டேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான். அந்தப் பட்டியலில் ‘பிரிட்ஜ்’ என்றால் ஜிஸ்ர், ‘பீம்’ என்றால் கமரா. தேர்வில் ஒரு படம்: இரண்டு தூண், நடுவே குறுக்காக ஒரு பீம். கீழே நாலு அரபுச் சொல். கமரா அதில் இல்லை. ஜிஸ்ர் இருந்தது. பாலம்தானே என்று அதை அடித்துவிட்டு, கூரையைக் குறிக்கும் ஸக்ஃப் என்பதைக் குறித்துவிட்டு வந்தேன். எகிப்துக்காரர்கள் கமரா என்பதை வளைகுடாவிலும் சிரியா பக்கத்திலும் ஜிஸ்ர் என்றே சொல்வார்கள் என்பது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. 11 வருடம் பீம் கட்டியவன் பீமில் தோற்றேன்.

இத்தனைக்கும் கமரா என்ற சொல்லாலேயே ஏற்கெனவே ஒருமுறை அவமானப்பட்டவன். வந்த புதிதில் இன்ஜினியர் மேலே கையைக் காட்டி “கமரா, கமரா” என்று கத்த, நான் சிசிடிவி கேமராவைத் தேடிக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் தடவை பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டேன். 40 பக்க நோட்டின் நடுப்பக்கத்தில் ஒரு வீட்டைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்குமோ அப்படி வரைந்தேன். அஸ்திவாரத்தில் தொடங்கி, வேலை நடக்கிற வரிசையிலேயே சொற்களை மேலே ஏற்றினேன். ஒவ்வொன்றுக்கும் நாலு சொல்: நம் ஊர்ச் சொல், பேப்பரில் வரும் ஆங்கிலம், பேப்பரில் வரும் அரபி, இன்ஜினியர் வாயில் வரும் அரபி. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை கிடையாது அல்லவா? எல்லாரும் தூங்குகிற அந்த மூன்று மணி நேரம்தான் எனக்குப் பள்ளிக்கூடம். எனக்கு உட்கார்ந்து படிக்க வராது. ஷெட்டுக்குள் நடந்துகொண்டே, குழி தோண்டும்போது ஹஃப்ர், ஃபூட்டிங் (தூணுக்கு அடியில் வரும் அஸ்திவாரம்) போடும்போது காஇதா, மண் நிரப்பும்போது ரத்ம் என்று முணுமுணுப்பேன். மண் நிரப்புவதற்கு இங்கத்திய வழக்கு திஃபான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூண் அமூத், காங்க்ரீட் கரஸானா, அதை ஊற்றுவது ஸப்.

நம் ஊர்ச் சொல்லே சில இடங்களில் பள்ளம் தோண்டும். காங்க்ரீட் ஊற்ற அடிக்கும் பலகை அடைப்பை ஊர் வழக்கப்படி ‘சென்ட்ரிங்’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு மார்க் வரவில்லையே என்று அழாதீர்கள். அது வளைவுக்குக் கீழே முட்டுக்கொடுப்பதற்கு உள்ள சொல். பேப்பரில் ஃபார்ம்வொர்க் அல்லது ஷட்டரிங் என்றுதான் வரும். எகிப்து இன்ஜினியர் ஷத்தா என்பார்.

முதல் தடவை வாய்மொழியில் என்னைக் கவிழ்த்தது முஆலஜா. கிளினிக் போர்டில் பார்த்த சொல், அதனால் வைத்தியம் என்று நினைத்துவிட்டேன். இன்ஜினியர் “முஆலஜா எத்தனை நாள்?” என்று கேட்டார். எனக்கு நோய் ஒன்றும் இல்லை, சார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவர் கேட்டது க்யூரிங். ஊரில் ஸ்லாப் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குகிறோமே, அதேதான். 7 நாளாவது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், கேள்விதான் புரியவில்லை. யோசித்துப் பார்த்தால் ஆங்கிலத்திலும் அது வைத்தியச் சொல்தான்.

அரபியைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதே என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படித்தான் படித்தேன், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனால் தச்சருக்கு நஜ்ஜார் என்று எழுதி வைத்திருந்தேன். எகிப்துக்காரர் வாயில் ஜ வராது, ‘தங்கம்’ என்பதில் வருகிற க மாதிரி ஒலிக்கும். அப்படி வரும் சொற்களுக்குக் கீழே கோடு போட்டு வையுங்கள்.

மீதியைச் சுருக்கமாக:

- பலாத்தா ஸ்லாப், பலாத் டைல்ஸ். கடைசி எழுத்தைப் பார்க்காமல் குறிக்காதீர்கள்.
- பூச்சு: இங்கே லியாஸா, எகிப்துக்காரருக்கு மஹாரா.
- செங்கல்: தூப், தாபூக். பிளாக் என்றால் புலுக்.
- ஸுல்லம் ஏணியும்தான், படிக்கட்டும்தான். சாரம் ஸகாலா.
- கம்பி கட்டுபவர் ஹத்தாத். கொல்லர் என்று எழுதினால் அகராதிப்படி சரி, பேப்பர்படி தப்பு.
- கவர் பிளாக்கை (கம்பி பலகையில் ஒட்டாமல் இருக்க இடையில் வைக்கும் சின்னக் கட்டை) எகிப்துக்காரர்கள் பிஸ்கட் என்பார்கள். “பஸ்கூத் எங்கே?” என்று கேட்டால் டீக்கடைக்கு ஓடாதீர்கள்.
- ரசமட்டம் மீஸான். தராசுக்கும் அதே சொல்தான்.
- புரியாவிட்டால் “மறுபடி சொல்லுங்கள், முஹந்திஸ் (இன்ஜினியர்)” என்று கேளுங்கள். அதற்கு மார்க் குறைப்பதில்லை. முதல் தடவை வெட்கப்பட்டுக் கேட்காமல் இருந்தேன், அந்த 4 மார்க்கில் பாதி அதில்தான் போனது.

வெல்டிங், பிளம்பிங் சொற்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அவற்றை நான் தொடவே இல்லை. நடுப்பக்கப் படத்தை அறையில் இருக்கிற தம்பி ஒருவன் போட்டோ எடுத்து வைத்திருக்கிறான், வேண்டுபவர்களுக்கு அனுப்பச் சொல்கிறேன். வியர்வை பட்டுக் கதவு ஜன்னல் இருந்த ஓரம் அழிந்துவிட்டது. பாபும் ஷுப்பாக்கும்தானே, அது உங்களுக்கே தெரியும்.