ஓட்டுகிறவள் கையில்தான் வால்யூம்

ரத்தப் பரிசோதனை இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. ஏதாவது ஒரு லேபில் இயந்திரம் நின்றுவிட்டால் போன் வரும், மதுரையிலிருந்து கிளம்ப வேண்டும். திண்டுக்கல், தேனி, கம்பம், பரமக்குடி, ராமநாதபுரம் எல்லாம் என் எல்லைக்குள் வருகிற ஊர்கள். பெரும்பாலும் தனியாகத்தான் போவேன். பின் சீட்டில் டூல்ஸ் பெட்டி, பக்கத்து சீட்டில் தண்ணீர் பாட்டிலும் கடலை மிட்டாயும். அதனால் "கார்ல என்ன கேப்பீங்க?" என்று யாராவது கேட்டால் என் பதில் கொஞ்சம் நீளும். சுருக்கமாகச் சொல்லச் சொன்னால், சாலை கூப்பிட்ட உடனே நம்மை விட்டுவிடுகிற எதையாவது கேட்பேன்.

பாட்காஸ்ட் விடாது. பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தால், லாரி ஒன்று குறுக்கே ஏறும்போது அவரே வாயை மூடிக்கொள்வார். கொஞ்சம் விவரமானவராக இருந்தால் "பாத்து, பாத்து" என்றும் சொல்வார். பாட்காஸ்ட்காரருக்கு லாரி தெரியாது, அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவார். திண்டுக்கல் நான்கு வழிச் சாலையில் இதைச் சமாளிக்கலாம். உசிலம்பட்டி சாலையில் ஆடு வரும், ஷேர் ஆட்டோ வரும், எதிர்த்திசையில் ஹாயாக ஒரு பைக் வரும். அதையெல்லாம் கடந்து மூச்சு விட்டுக் காதைக் கொடுத்தால் கதை எங்கேயோ போயிருக்கும். விட்ட இடத்தைப் பிடிக்க விரல் தானாகப் போனை நோக்கி நகரும். அந்த விரல்தான் பிரச்சினை. பாட்காஸ்ட் மேல் எனக்குக் கோபமில்லை, சமையலறையில் தினமும் கேட்கிறேன். பாத்திரம் குறுக்கே வராது.

அடுத்து நான் சொல்லப்போவதற்கு எங்கள் ஊரில் அடி விழும். வண்டி ஓட்டும்போது ராஜா பாட்டு கேட்க மாட்டேன். மதுரையிலிருந்து தேனி போகிற எந்தத் தனியார் பஸ்ஸில் ஏறினாலும் அதுதான் ஓடும். காலை முதல் டிரிப்பில் ஒன்றிரண்டு பக்திப் பாட்டு, அப்புறம் நாள் முழுக்க எண்பதுகள்தான். டிரைவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே எப்படி ஓட்டுகிறார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். எனக்கு அந்தப் பாட்டில் பேஸ் கிட்டார் தனியாகக் கேட்க ஆரம்பித்துவிடும். அதன் பின்னாலேயே போவேன், இரண்டாவது இடையிசையில் வயலின்கள் வந்து சேரும், வேகமானி முள் எங்கே நிற்கிறது என்று தெரியாது. அது கவனம் கேட்கிற இசை. திரும்பி வரும்போது காளவாசல் நெரிசலில் சிக்கி நின்றால் போட்டுக்கொள்வேன். அங்கே வண்டி எப்படியும் நகராது.

மாமா கூட வந்தால் கர்நாடக இசை வேண்டும் என்பார். அவருக்கு வீணை உயிர். ஓடுகிற காரில் வீணை கேட்பது அந்த வீணைக்குச் செய்கிற அநியாயம். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் கேபினுக்குள் வருகிற சத்தத்தில் பெரும் பங்கு டயருடையது. தாழ்ந்த, அடர்த்தியான உறுமல் அது. கான்கிரீட் போட்ட சாலையில் இன்னும் அதிகம். சுரத்தை அசைத்து வாசிக்கிற கமகம் அடங்கி வருகிற இடங்களை அந்த உறுமல் அப்படியே முழுங்கிவிடும். கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டினால் அடுத்து தாளக் கருவி மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் காதைப் பிளக்கும். சினிமாப் பாட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு, அதில் மெல்லியதையும் உரத்ததையும் பெரும்பாலும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துதான் பதிவு செய்கிறார்கள்.

நாகஸ்வரமும் தவிலும் வேறு ஜாதி. கூரையில்லாத தெருவில், கூட்டத்துக்கு நடுவில், சாமி புறப்பாட்டுக்கு வாசிக்க உருவான கருவிகள் டயர் சத்தத்துக்கா பயப்படும்? கண்ணாடியை ஏற்றிவிட்டால் பாதி வால்யூமே போதும். சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி ஒன்றைப் போட்டு மாமாவைச் சமாதானம் செய்தாகிவிட்டது. ஆனாலும் உடனே, "ஏத்தா, கொஞ்சம் கொற. மாப்பிள அழைப்புக்குப் போற மாதிரி இருக்கு" என்பார்.

தனியாகப் போகும்போது எனக்கு கோடை எஃப்.எம். போதும். 100.5. அகில இந்திய வானொலியின் கொடைக்கானல் நிலையம். பத்து கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் என்பதைவிட அது நிற்கிற இடம்தான் விஷயம். பண்பலை அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிற சாதி, பூமி வளைகிற இடத்தில் தானும் வளைந்து கூடவே வராது. சமவெளியில் நட்ட கோபுரத்துக்கு இது பெரிய குறை. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊரில் கோபுரத்தை வைத்தால் அதற்குத் தொடுவானமே தள்ளிப் போய்விடுகிறது. அதனால்தான் மதுரை, திண்டுக்கல், தேனி, திருச்சி என்று எங்கே சுற்றினாலும் அதே எண்ணில் வருகிறது. மதுரையின் தனியார் நிலையங்கள் உசிலம்பட்டி தாண்டினால் கரகரக்க ஆரம்பிக்கும், ஸ்டேஷனை மாற்ற வேண்டும், மறுபடி அந்த விரல். கோடைக்கு அது வேண்டியதில்லை. மலை மடிப்புக்குள் போனால் மட்டும் காணாமல் போகும், வெளியே வந்ததும் வந்துவிடும்.

இதில் கேட்பதற்கு அப்படி என்ன இருக்கிறது என்று மகள் கேட்பாள். பெரிதாக ஒன்றுமில்லை, அதுதான் அதன் அருமையே. நேயர் விருப்பத்தில் ஒரு பாட்டுக்கு முன்னால் ஒரு குடும்பமே வரிசையில் வரும். சின்னாளப்பட்டியிலிருந்து இன்னார், அவர் மனைவி, பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர், நிலக்கோட்டையிலிருந்து இன்னொருவர். நான் அந்த நேரத்தில் நிலக்கோட்டை பிரிவைத் தாண்டிக்கொண்டிருப்பேன். நடுவில் முந்திச் செல்ல வேண்டி நாலு பெயரை விட்டுவிட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது. போனது போனதுதான், பின்னால் நகர்த்த முடியாது என்பதால் நகர்த்தவும் தோன்றாது. அடுத்த பாட்டு என்ன என்று முடிவு செய்கிற வேலையும் எனக்கில்லை. செயலிகள் என் பழைய விருப்பங்களைத் திருப்பித் திருப்பி எனக்கே ஊட்டுகின்றன. இங்கே யாரோ ஒரு பழனிக்காரருக்குப் பிடித்த பாட்டை நான் கேட்கிறேன். பாதி நேரம் எனக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

செய்தியும் உண்டு. தனியார் எஃப்.எம். நிலையங்கள் நம் நாட்டில் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க அனுமதியில்லை, அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். மழைக்காலத்தில் வைகை அணையின் நீர்மட்டத்தைக் காது கொடுத்துக் கேட்பேன். முழு உயரம் 71 அடி. 66 அடியைத் தொட்டால் கரையோர ஊர்களுக்கு முதல் எச்சரிக்கை, 68.5-க்கு இரண்டாவது, 69-க்கு மூன்றாவது. ஆண்டிபட்டியை நெருங்கும்போது அதைக் கேட்டால் எண்கள் வெறும் எண்களாக இருக்காது. திரும்பும்போது எந்தப் பாலம் வழியாக வரலாம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

ராமநாதபுரம் சாலை தனி உலகம். பரமக்குடி தாண்டி, கடல் நெருங்க நெருங்க, இலங்கைத் தமிழ் நிலையங்கள் உள்ளே நுழையும். பொழுது சாயும் நேரத்தில் சில நாள் உள்ளூர் நிலையத்தைவிடத் தெளிவாகவே வரும். ஒரு சேலை விளம்பரத்தில் விலையைக் கேட்டு முதலில் திடுக்கிடுவோம், அப்புறம்தான் அது இலங்கை ரூபாய் என்று உறைக்கும். மாமா வண்டியில் இருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். "ஏத்தா, இது சிலோன் ஸ்டேஷன்ல?" அப்புறம் அந்த இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள், பி.எச். அப்துல் ஹமீதின் குரல், கே.எஸ். ராஜாவின் வேகம், அந்தக் காலத்தில் டீக்கடையில் ரேடியோவைச் சுற்றி நின்ற கூட்டம் எல்லாம் வரிசையாக வரும். அந்த முக்கால் மணி நேரம் ரேடியோவை அணைத்துவிட்டு மாமாவைக் கேட்கலாம். லாரி வந்தால் நிறுத்தவும் செய்வார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற தூக்கத்துக்கு எந்தப் பாட்டும் மருந்து இல்லை. குத்துப் பாட்டை அலறவிட்டு ஓட்டுகிறேன் என்பவர்களிடம் வாதாடியே எனக்கு அலுத்துவிட்டது. காது விழித்திருக்கும், கண் சொருகும். திருப்பாச்சேத்திப் பக்கம் ஓரங்கட்டி, முகம் கழுவி, டீ குடித்து, முடிந்தால் சீட்டைச் சாய்த்துக் கொஞ்சம் கண்ணை மூடிவிட்டுத்தான் கிளம்புவேன். லேப்காரர் போனில் கத்துவார், கத்தட்டும்.

குடும்பத்தோடு போனால் சட்டம் வேறு. ஓட்டுகிறவர் சொல்வதுதான் வண்டியில் ஓடும். மகள் இதைச் சர்வாதிகாரம் என்கிறாள். ஓட்டக் கற்றுக்கொள், ஸ்டீயரிங்கோடு சேர்த்து இதையும் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

புது வண்டி பார்க்கப் போனபோதும் இதுதான் தகராறு. பெரிய தொடுதிரை, பளபளவென்று இருந்தது. ரேடியோவுக்குப் போக மூன்று இடத்தில் தொட வேண்டும், வால்யூமுக்குத் திருகுகிற குமிழே இல்லை. ஓட்டிக்கொண்டே இதை எப்படித் தம்பி தேடுவது என்று கேட்டேன். "மேடம், வாயால சொன்னா போதும், அதுவே வச்சிரும்" என்றார் அந்த விற்பனைப் பையன். சரி என்று தெளிவாக, நிறுத்தி, "கோடை எஃப்.எம்." என்றேன். திரை கொஞ்சம் யோசித்தது. பிறகு வரைபடத்தைத் திறந்து, கொடைக்கானலுக்கு வழி போட்டு, மலைப்பாதையை நீலக் கோட்டில் காட்டியது.

பின் சீட்டிலிருந்து மகள் சொன்னாள், "அதுக்குக்கூட தெரியுதும்மா, உனக்கு லீவு வேணும்னு."