திருச்சியிலிருந்து பலாலிக்கு 185 கிலோமீட்டர்

திருச்சி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 185 கிலோமீட்டர். மேற்கே திரும்பி அளந்தால் கோயம்புத்தூருக்கும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். கோவைக்குப் போக யாராவது மூணு மணி நேரம் முன்னாடியே பஸ் ஸ்டாண்டில் போய் உட்காருவார்களா? நடுவில் கொஞ்சம் கடல் இருக்கிறது என்பதற்காக பாஸ்போர்ட், இ.டி.ஏ என்கிற இணையவழிப் பயண அனுமதி, இமிகிரேஷன், போகவர பத்தாயிரத்தைத் தாண்டிய டிக்கெட் என்று எல்லாம் வந்து சேர்ந்துகொள்கிறது.

டிக்கெட்டில் ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தது. இணையத்தில் தூரம் கணக்குப் போடும் தளங்களோ இருபது நிமிடத்துக்கும் கீழே காட்டுகின்றன, ஏதோ ராக்கெட் போல. அவை ஜெட் வேகத்தில் வகுத்துச் சொல்பவை. இங்கே ஓடுவது ஏடிஆர் என்கிற சின்ன புரொப்பெல்லர் விமானம், முழு வேகமே மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுதான், அந்த வேகத்தைப் பிடித்த கையோடு இறங்கத் தொடங்க வேண்டியதுதான். பலாலி ஓடுபாதை குட்டை, பெரிய விமானம் வர வழியில்லை. டிக்கெட்டில் போடும் நேரத்தில் தரையில் ஊர்ந்து போவது, ஓடுபாதைக்காகக் காத்திருப்பது எல்லாம் சேர்த்தி.

ஆனால் ஜன்னல் சீட் கேட்டு வாங்குங்கள்! இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே எதுவும் மறைவதில்லை. டெல்டா வயல் முடிகிற இடத்தில் கடல் தொடங்குகிறது, தண்ணீரைப் பார்த்து முடிப்பதற்குள் பனைமரம் வந்துவிடுகிறது. 2025 மார்ச் கடைசியில் இந்தத் திருச்சி-பலாலி விமானம் தொடங்குவதற்கு முன், விமானத்தில் போவதென்றால் நம் ஊர்க்காரர்கள் சென்னைக்குப் போய் ஏற வேண்டும், இல்லையென்றால் கொழும்பில் இறங்கி அங்கிருந்து 400 கிலோமீட்டர் சாலையில் வடக்கே வர வேண்டும். அதை நினைத்தால் பத்தாயிரம் பரவாயில்லை.

பலாலியில் வெளியே வந்ததும் ஆட்டோக்காரர். "டவுணுக்கோ அண்ணை? ஐயாயிரம் தாங்கோ." பதினெட்டு கிலோமீட்டர்கூட வராத தூரத்துக்கு! பேசிப்பேசி நாலாயிரத்துக்கு வந்தார். வழியெல்லாம் குடும்ப விசாரிப்பு, சினிமா, கிரிக்கெட், அவ்வளவு பிரியம். இறங்கும்போது, "இந்தியக் காசெண்டா ரெண்டாயிரம் தாங்கோ, கணக்குச் சரியா வரும்" என்றார். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்றரை ரூபாய் அளவு கிடைக்கும்போது ரெண்டாயிரம் என்றால் ஏழாயிரம் ஆகிறது, நல்ல கணக்குதான்! நான் கைப்பேசியை எடுத்துப் பெருக்கிக் காட்டியதும் சிரித்துக்கொண்டே இலங்கை நோட்டு நாலாயிரத்தை வாங்கிக்கொண்டார், கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. விமான நிலையத்திலேயே காசு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை முடிச்சு குறைவென்றால் பலாலி வீதியில் யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஓடுகிறது, ஆட்டோவுக்குக் கொடுப்பதில் ஒரு துளிதான் ஆகும்.

அப்புறம் சாப்பாடு. எங்கே தங்குவது, என்ன பார்ப்பது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நண்டுக்கறி ஞாபகம் வந்துவிட்டது. குழல் பிட்டு உதிர்ந்து கிடக்க, அதன் மேல் யாழ்ப்பாணத் தூளின் காரம் ஏறிய குழம்பை ஊற்றி, நாக்கு எரியும்போது ஒரு கரண்டி சொதி, காரமில்லாத தேங்காய்ப்பால் குழம்பு. பக்கத்து மேசைப் பெரியவர் நான் கரண்டியால் நண்டுடன் போராடுவதைப் பார்த்துவிட்டு, "கையால எடுத்துக் கடிச்சுச் சாப்பிடுங்கோ தம்பி, ஒருத்தரும் பாக்க மாட்டினம்" என்றார். எல்லாரும் பார்த்தார்கள்.