காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை, பெரியம்மா கேட்கிற மாதிரி

வடசென்னையைப் பற்றிய ஒரு பயணக் கட்டுரையின் முதல் இரண்டு வரியிலேயே எனக்குத் தெரிந்துவிடும், எழுதியவர் இங்கே இறங்கி நடந்தாரா, சினிமாவில் பார்த்ததை எடுத்துக்கொண்டு வந்தாரா என்று. "சென்னையின் மறுபக்கம்" என்று தொடங்கும். அடுத்து உழைக்கும் மக்கள், மண்வாசனை, வெள்ளந்தி மனசு. நடுவில் கொஞ்சம் காசிமேட்டு மீன். முடிவில் "வார்த்தைகளால் விவரிக்க முடியாத அனுபவம்". எனக்கு அந்த இடத்தில்தான் ஏமாற்றமாக இருக்கும், ஏனென்றால் அவர் நிறுத்திவிட்ட அந்த இடத்திலிருந்துதான் நான் கேட்க ஆசைப்படுகிறேன். ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினால் அதே கட்டுரை தூத்துக்குடிக்கும் பொருந்தும், நாகப்பட்டினத்துக்கும் பொருந்தும்.

நான் தண்டையார்பேட்டைக்காரி. ஊர் சுற்றுவதும் சுற்றியதை எழுதுவதும் எனக்குப் பிடித்த காரியம். புதிதாக எழுத வருகிற பிள்ளைகள் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "அக்கா, நமக்குன்னு ஒரு நடை எப்படி வரும்?" நிறைய வாசிக்கணும், தினமும் எழுதணும் என்பதெல்லாம் சரிதான், ஆனால் எனக்கு உதவியது வேறு. எழுதியதைக் கொருக்குப்பேட்டையில் இருக்கும் என் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். தலையில் மீன் கூடை சுமந்து தெருத்தெருவாக விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர், இந்தப் பக்கத்தின் சந்துபொந்து அத்தனையும் அவருக்கு அத்துப்படி. அலங்காரமாக ஒரு வரி வந்தால் உடனே நிறுத்தி, "அப்டின்னா இன்னாமா?" என்பார். கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்பார். அப்போது அவருக்குப் புரிகிற மாதிரி நான் வாயால் என்ன விளக்குகிறேனோ, அதுதான் நான் எழுதியிருக்க வேண்டிய வரி. அந்த ஊரை நம்மைவிட நன்றாகத் தெரிந்த ஒருவரை எதிரில் உட்காரவைத்து எழுதும்போது மிகைப்படுத்த முடியாது, பயமுறுத்த முடியாது, பரிதாபப்படவும் முடியாது. அவரும் கவனிக்காமல் விட்ட ஒன்றைத்தான் தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அப்படித் தேடிப்போன ஒரு சுற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ராயபுரம் ரயில் நிலையத்தில் ஆரம்பிக்கலாம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் இன்றைய வாலாஜா ரோடு வரைக்கும் போனது. இந்தியாவில் இன்னும் நிற்கிற ரயில் நிலையக் கட்டடங்களில் இதுதான் பழையது. இந்த இரண்டு தகவலும் எல்லோரும் எழுதுவது, நானும் எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு எழுதுகிறவர் எங்கே நின்றார் என்பதுதான் முக்கியம். நான் தூண்களுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கடற்கரை நிலையத்திலிருந்து வந்த மின்சார ரயிலிலிருந்து சிலர் இறங்கினார்கள், ஒருவர்கூடத் தூண்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை, டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராகத் துறைமுகப் பக்கம் நடந்தார்கள். அவர்களுக்கு இது வேலைக்கு இறங்குகிற ஸ்டேஷன், அவ்வளவுதான். ஒரு காலத்தில் தென்னிந்தியாவின் தலைவாசலாக இருந்த இடம் இப்படி ஒரு சாதாரண நிறுத்தமாக நீடிப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வருடத்தைவிட அந்த டிபன் பைகளைத்தான் பெரியம்மாவிடம் முதலில் சொன்னேன்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எல்லோரும் போவார்கள், அப்போது கூட்டம்தான் தெரியும், துறைமுகம் தெரியாது. நான் வார நாளில் விடிவதற்கு வெகுநேரம் முன்னாலேயே போனேன். தரையெல்லாம் ஐஸ் தண்ணீர், "வழி, வழி" என்று பின்னாலிருந்து வண்டி தள்ளிக்கொண்டு வருகிற குரல், விளக்கு வெளிச்சத்தில் சங்கரா மீனின் சிவப்பு. ஏலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் சத்தத்தைத்தான் எழுதுகிறார்கள். நான் கவனித்தவரை ஏலம் விடுகிற ஆள்தான் சத்தம் போடுகிறார், எடுக்கிற பெண்கள் பெரும்பாலும் அமைதியாக இருக்கிறார்கள். கூடை கொட்டியதும் குனிந்து ஒரு மீனின் செவுளை விரலால் விரித்துப் பார்ப்பது, பக்கத்தில் நிற்பவளிடம் கண்ணைக் காட்டுவது, லேசாகத் தலையை ஆட்டுவது. ஒரு கூடை கைமாறிவிடும். யார் எடுத்தார்கள் என்று வெளியாளுக்குப் புரிவதற்குள் அடுத்த கூடை வந்திருக்கும்.

அதைவிட மீன் வெட்டுகிற இடத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். ஒரு அக்கா அருவாமனை முன்னால் உட்கார்ந்து சங்கராவுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி இறுக்கமாகச் சுற்றியிருந்தார். டியூபின் மேல் செதில்கள் ஒட்டி மினுங்கின. என்னைப் பார்த்ததும், "இன்னா கண்ணு பாத்துக்கினே கீற, மீனு வோணுமா?" என்றார்.

"வேணும்க்கா. கையில இது எதுக்குன்னு பாத்தேன்."

"முள்ளு குத்திச்சின்னா ராவெல்லாம் கடுக்கும். மறுநாளு கத்தி புடிக்க முடியாது. அதுக்குத்தான்."

வெட்டிக்கொண்டே சொன்னார், கையை நிறுத்தவில்லை. காசிமேட்டைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன், இந்த டியூப் பட்டையை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. பெரியம்மாவிடம் சொன்னபோது, தான் துணி சுற்றியதாகவும் அது ஈரத்தில் நழுவும் என்றும் சொன்னார். ஒரு சின்னப் பொருளைச் சரியாகச் சொன்னால் கேட்கிறவரிடமிருந்து இன்னொரு கதை வருகிறது, எனக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

இன்னொரு விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, மீன் இனப்பெருக்கக் காலம் என்பதால். அந்த நாட்களில் காசிமேட்டுக்குப் போய்ப் பாருங்கள். படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நெருக்கமாக நிற்கும், பெயிண்ட் வாசனை, இன்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிற மெக்கானிக்குகள், நிழல் தேடி உட்கார்ந்து வலை பின்னுகிற பெரியவர்கள். பேச அவர்களுக்கும் நேரம் இருக்கும். எல்லோரும் போகிற நேரத்தில் போனால் எல்லோரும் எழுதியதுதான் நமக்கும் கிடைக்கும். வேறு நேரத்தில் போவதே பாதி எழுத்துநடை என்று நான் நம்புகிறேன்.

பேச்சு வழக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடசென்னை என்றதும் கட்டுரை முழுக்க "இன்னாபா, குந்துபா" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுதுகிறவர் வீட்டில் அப்படிப் பேசுகிறவர் என்றால் தாராளமாக எழுதட்டும், அது அவருடைய சொந்தக் குரல். மற்றவர்கள் அதை வேஷமாகப் போட்டுக்கொள்வது எனக்குப் பொறுக்காது. மேலே அந்த அக்கா பேசியதை அவர் பேசியபடியே எழுதினேன், கதை சொல்கிற வரிகளை என் தமிழில் வைத்துக்கொண்டேன். இரண்டும் தனித்தனியாக இருந்தால்தான் இரண்டுக்கும் மரியாதை.

காசிமேட்டிலிருந்து வடக்கே எண்ணூர் விரைவுச்சாலையில் போனால் ஒரு பக்கம் வரிசையாக கண்டெய்னர் லாரிகள், மறுபக்கம் கடல். கரை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, கருங்கல் கொட்டிய தடுப்புதான், இடையிடையே தூண்டில் வளைவுகள் என்று கடலுக்குள் நீளும் கல் தடுப்புகள். மெரினாவில் கடலைத் தொட எவ்வளவு தூரம் மணலில் நடக்கிறோம்! இங்கே ஏன் மணலே இல்லை? வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் இந்தக் கடலோரத்தில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். 1870-களில் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் சுவர் அதைக் குறுக்கே மறித்தது. தெற்கே தேங்கிய மணலால் மெரினா அகன்றது. வடக்கே வர வேண்டிய மணல் வராமல் ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் கடல் கரையைத் தின்றது, வீடுகளையும் தெருக்களையும் சேர்த்து. அப்புறம்தான் கல் கொட்டினார்கள். மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறபோது அது எங்கள் குப்பத்துக்கு வந்திருக்க வேண்டிய மணல் என்ற நினைப்பு எனக்கு வராமல் இருப்பதில்லை. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பயணக் கட்டுரையில் கோபம் கூடாது என்று சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கோபம் வருகிற இடத்தில் அழகு வர்ணனை எழுதினால் அந்தக் குரல் யாருடையது?

திருவொற்றியூரில் அதிகம் நிற்கவில்லை. தியாகராஜர் கோயிலுக்குள் போய், மகிழமரத்தடியில் கொஞ்சம் உட்கார்ந்து, கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதியையும் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். கோயில் மூலவர் ஆதிபுரீஸ்வரர் மற்ற நாட்களில் கவசத்தோடுதான் இருப்பார், கவசமில்லாமல் பார்க்க கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் கிடைக்கும், அதற்குத் தனியாகப் போக வேண்டும், தனியாக எழுதவும் வேண்டும்.

எண்ணூர் முகத்துவாரம். கொசஸ்தலை ஆறு கடலில் சேர்கிற இடம். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், துறைமுகம், நிலக்கரி, மின்கோபுரங்கள், இவற்றுக்கு நடுவில் ஆறு. இங்கே வருகிற யாருக்கும் இரண்டு குரல்கள் உடனே வாயில் வந்துவிடும். ஒன்று புகைப்படக்காரர் குரல்: புகைபோக்கிக்குப் பின்னால் சூரியன், தண்ணீரில் பிரதிபலிப்பு. இன்னொன்று ஒப்பாரி: ஐயோ பாவம் இந்த மக்கள். இரண்டையும் அங்கே இருக்கிறவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாது என்பதைக் கவனியுங்கள். அங்கே இருக்கிறவர்களிடம் கேள்விதான் கேட்க முடியும்.

வலையை உதறிக்கொண்டிருந்த ஒரு அண்ணனிடம் எந்தெந்தக் குப்பத்துக்காரர்கள் எங்கே வலை போடுவார்கள் என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் பாடு இருக்கும்மா" என்று ஆரம்பித்து, ஆற்றில் இன்ன இடத்தில் இன்னார் இன்ன நாளில் என்று முறை வைத்துக்கொள்வதைப் பொறுமையாகச் சொன்னார். பழவேற்காட்டிலும் இதே பாடு முறை உண்டு. ஆற்றைப் பங்கிட்டுக்கொள்ள பெரியவர்கள் ஏற்படுத்திய ஏற்பாடு. எனக்கு இதைக் கேட்டதும் அந்த ஆறே வேறு மாதிரித் தெரிந்தது; வெறும் தண்ணீராக இருந்த இடத்தில் யார் யாருடைய முறையோ கோடு போட்டிருந்தது.

பிறகு அவர் தண்ணீரில் இறங்கினார். அவ்வளவு தூரம் உள்ளே போயும் முழங்காலுக்குமேல் தண்ணீர் ஏறவில்லை. "முன்னெல்லாம் இங்க துடுப்பு வுட்டா தரை தட்டாதும்மா" என்றவர் குனிந்து அடியிலிருந்து ஒரு கை அள்ளிக் கரைக்கு வந்து காட்டினார். சாம்பல் நிறம். குழைத்த சிமெண்ட் மாதிரி வழவழவென்று விரலிடுக்கில் நின்றது, மணல் நெருநெருப்பே இல்லை. மின் நிலையக் குழாய்களிலிருந்து பல வருடங்களாகக் கசிந்து படிந்த சாம்பல். என் கையிலும் கொஞ்சம் வாங்கிப் பார்த்தேன், நகக்கண்ணில் புகுந்தது கழுவியும் உடனே போகவில்லை. கொஞ்சம் தள்ளி இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண், இறால் போடுகிற பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். அதே சேறு. 2017 ஜனவரியில் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது இந்தக் கரையோரப் பாறைகளில் நின்று வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் வந்து படகிலும் வலையிலும் அலையாத்திச் செடியிலும் படிந்தது. இந்த வருடங்களை நான் முதலில் எழுதியிருந்தால் செய்தியாகத்தான் இருந்திருக்கும். அந்தப் பெண்ணின் கைகளுக்குப் பிறகு எழுதுவதால் அவை யார் மேல் விழுந்தன என்று தெரிகிறது. எதை முதலில் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்கிற வரிசையில் நடை இருக்கிறது. இதை எழுத வரும் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

திரும்பும்போது பர்மா பஜார் பக்கம் செகண்ட் லைன் பீச்சில் அத்தோ. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸ், முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கி எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள், கூட வாழைத்தண்டு சூப். "நாவில் கரைந்தது" என்று எழுத இதில் ஒன்றும் இல்லை, பேஜோ கரையாது, நொறுங்கும். பிசைகிறவர் கடைசியில் ஒரு இழை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து உப்பு பார்த்தார், தலையை ஆட்டினார், அதற்குப் பிறகுதான் தட்டில் வைத்தார்.

போகிறவர்களுக்கு: காசிமேட்டுக்கு வழுக்காத செருப்பு, வார நாள், விடியுமுன். எண்ணூருக்கு கும்மிடிப்பூண்டி ரயில் பிடித்து கத்திவாக்கத்திலோ எண்ணூரிலோ இறங்கி ஷேர் ஆட்டோ கேளுங்கள்; நிழல் கிடையாது, தண்ணீர் பாட்டில் கட்டாயம். திருவொற்றியூர் வரை மட்டும் என்றால் விம்கோ நகர் போகிற மெட்ரோ ரயிலே போதும், திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்கலாம். போட்டோ எடுக்குமுன் கேளுங்கள், மீன் வெட்டுகிற இடத்தில் நின்று பார்த்தால் கொஞ்சமாவது மீன் வாங்குங்கள்.