சீட்டைக் கலைப்பதற்கு முன்னால்

ஸ்ட்ரிப் போக்கர் என்ற சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதில் உடுப்புதான் பந்தயம். ஆளுக்கு 5 சீட்டு. சீட்டு மட்டமாக வந்தவர் உடுப்பில் ஒன்றைக் கழற்ற வேண்டும். ஒரு ஜோடி சாக்ஸ் ஒன்றா இரண்டா, கைக்கடிகாரம் கணக்கில் வருமா என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசிவிடுவார்கள். எதுவரை என்பதை மட்டும் பேசமாட்டார்கள். எனக்கு அதுதான் முதல் கேள்வி. எல்லாரும் வயது வந்தவர்கள்தான், சரி. ஆனால் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் கைதட்டும்போது ஒருவர் தலையாட்டுவதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். குடித்த பிறகு சொல்வதையும்தான். கைபேசிகள் வேறு அறையில் இருக்கட்டும். அப்புறம், பாதியில் யாராவது போதும் என்றால், ஏன் என்று கேட்காமல் சட்டையை எடுத்துக் கொடுங்கள். கெஞ்சவும் வேண்டாம், கேலியும் வேண்டாம்.